வீடு, பாதை, பள்ளிக்கூடம்: அலாஸ்கா நெடுஞ்சாலை குறித்துச் சில குறிப்புகள்

பள்ளிக்கூடத்தைச் சிறைச்சாலை, மருத்துவமனை, படைமுகாம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்திப் பேசுவது நம் சிறுபத்திரிகை உலகில் புதிய விஷயமில்லை. ஃபூக்கோவைப் படித்த கையோடு நாமெல்லாம் ஒருமுறையாவது அப்படி எழுதியிருக்கிறோம்; எழுதாதவர்கள் எழுதியவர்களுக்குத் தலையாட்டியிருக்கிறோம். சமூகத்தையே பள்ளியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று இவான் இலிச் 1971இல் எழுதிய புத்தகமும், அல்தூசரின் கருத்தியல் அரசு எந்திரம் பற்றிய கட்டுரையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பழைய இதழ்களைத் தேடிப்பிடித்து வாசித்து வளர்ந்தவன் என்கிற முறையில் எனக்கும் இந்தச் சொல்லாடலில் பங்கிருக்கிறது. மணியடித்தால் எழு, மணியடித்தால் உட்கார் என்று பழக்கப்படுத்தப்படும் உடலைப் பற்றி நானும் பக்கம் பக்கமாக எழுதியவன்தான்.

சிக்கல் என் மகளுக்கு ஐந்து வயது முடிந்தபோது வந்தது. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று கேட்டேன். ஆரம்பப் பள்ளி ஆசிரியையான என் மனைவி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னாள்: "பள்ளிக்கூடம் வேணாம்னு சொல்றதுக்கும் ஒரு வசதி வேணும்ல. உங்க வீட்ல முதமுதல்ல பள்ளிக்கூடம் போனது உங்க அப்பா. அவர் போயி முழுசா அறுவது வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள நமக்கு அலுத்துப்போச்சா?"

இதற்கு என்னிடம் கோட்பாட்டு ரீதியான பதில் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில்தான் நண்பர் ஒருவர் வழியாக அமெரிக்க வீட்டுக் கல்விக் குடும்பங்களின் பயணக் குறிப்புகள் ஏழெட்டு வாசிக்கக் கிடைத்தன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாய் தகப்பனே பாடம் சொல்லிக்கொடுப்பதை அங்கே ஹோம்ஸ்கூலிங் என்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு வடதிசை நோக்கிக் கிளம்பி, கனடாவின் வடமேற்கைக் கடந்து அலாஸ்கா வரை போய்வந்த கதைகள் அவை. இந்தக் கட்டுரை அந்தப் பிரதிகளை வாசித்ததில் தொடங்கி அவற்றுக்கு வெளியே போய்விட்டது. போக வேண்டியிருந்தது.

இந்தப் பயணப் பிரதிகளுக்கென்று ஒரு இலக்கணம் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் டாசன் கிரீக் என்ற ஊரில் மைல் 0 என்று எழுதிய கம்பத்துக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று ஒரு படம். அங்கிருந்து அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை இன்றைய கணக்கில் சுமார் 2,230 கிலோமீட்டர். மூத்த பையன் பெட்ரோல் கணக்குப் போடுகிறான். மைலைக் கிலோமீட்டராக்குவது அவனுக்கு அன்றைய கணக்குப் பாடம். இளைய பெண் பார்த்த கரடிகளை எண்ணுகிறாள். லியார்டு வெந்நீர் ஊற்றில் குளியலும் புவியியல் பாடமும் ஒன்றாக நடக்கின்றன. 1949இலிருந்து வெளிவரும் 'மைல்போஸ்ட்' என்ற வழிகாட்டிப் புத்தகம் அம்மாவின் மடியில் இருக்கிறது. எந்த மைலில் எந்த ஆறு, எங்கே பெட்ரோல், எங்கே காட்டெருமை சாலைக்கு வரும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிறகு வாட்சன் லேக். 1942இல் இந்தச் சாலையைப் போட வந்த கார்ல் லிண்ட்லி என்ற சிப்பாய், ஊர் ஞாபகத்தில் இல்லினாய்ஸ் மாநிலத்திலிருந்த தன் சொந்த ஊரான டான்வில்லின் பெயரையும் தொலைவையும் ஒரு பலகையில் எழுதி நட்டான். அதைப் பார்த்து மற்றவர்களும் நட, இன்று அது பல்லாயிரக்கணக்கான ஊர்ப்பலகைகள் கொண்ட காடாகிக் கிடக்கிறது. எல்லாக் குடும்பமும் இங்கே தங்கள் ஊர்ப்பெயரை எழுதி ஆணியடித்துவிட்டுப் போகிறது. எல்லாப் பிரதியிலும் இந்த ஆணியடிக்கும் காட்சி தவறாமல் வருகிறது.

இவற்றைப் பரிகாசமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். படிக்கும்போது எனக்குப் பொறாமைதான் வந்தது. நதியைப் பற்றிய பாடத்தை நதிக்கரையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளையைப் பார்த்து யாருக்குத்தான் பொறாமை வராது? என்னை உறுத்தியது வேறொன்று. இந்தப் பிரதிகள் எல்லாவற்றிலும் 'வெற்று வெளி' என்கிற உருவகம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆளில்லாத பெருவெளி, அதன் நடுவே ஒரு சாலை, சாலையில் தன்னந்தனியாக, தனக்குத் தானே பள்ளியாகப் போகும் ஒரு குடும்பம். அரசு இல்லை, மணியோசை இல்லை, கண்காணிப்பு இல்லை. இந்தச் சுதந்திரக் கதையாடலைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்தச் சாலை. சாலையோ அரசு போட்டது, அதிலும் ராணுவம் போட்டது.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அலாஸ்காவுக்குத் தரைவழியே இல்லை என்ற பயத்தில் 1942 மார்ச்சில் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படைகள் வேலையைத் தொடங்கின. அந்த ஜூனில் ஜப்பான் அலூஷியன் தீவுகளில் அட்டு, கிஸ்கா இரண்டையும் பிடித்தது. வேகம் இன்னும் கூடியது. எட்டே மாதத்தில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள், காட்டையும் சதுப்பையும் வகிர்ந்து போட்ட சாலை இது. மேல்மண்ணையும் பாசியையும் புல்டோசரால் வழித்தெடுத்தபோது அடியிலிருந்த நிரந்தர உறைமண் வெயில்பட்டு உருகி, வண்டிகளே சேற்றில் முழுகிப்போயின. பாசியை அப்படியே விட்டு அதன்மேல் மரங்களை நெருக்கமாக அடுக்கித்தான் சாலை போட முடியும் என்பதைப் படைகள் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டன.

அந்தச் சிப்பாய்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பர்கள். அன்றைய அமெரிக்க ராணுவம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. 93, 95, 97 ஆகிய பொறியாளர் ரெஜிமெண்டுகள் வெள்ளை அதிகாரிகளின் கீழ் இயங்கிய கறுப்பர் ரெஜிமெண்டுகள். அலாஸ்காவின் படைத்தலைவராக இருந்த சைமன் பொலிவர் பக்னர், கறுப்புச் சிப்பாய்கள் வந்தால் போருக்குப் பிறகு இங்கேயே தங்கிப் பூர்வகுடிகளோடு கலந்துவிடுவார்கள் என்று கவலைப்பட்டு எழுதிய ஆள். மிசிசிப்பியிலும் ஜார்ஜியாவிலும் வளர்ந்தவர்கள் அந்தக் குளிரில் கூடாரத்தில் படுத்தார்கள். சிகானி சீஃப் ஆற்றின் பாலத்தை 95ஆம் ரெஜிமெண்ட் நான்கு நாட்களுக்குள் கட்டி முடித்தது. 1942 அக்டோபர் 25ஆம் தேதி வடக்கிலிருந்து ஒரு புல்டோசரும் தெற்கிலிருந்து ஒரு புல்டோசரும் பீவர் கிரீக் அருகே சந்தித்துக்கொண்டன. ஒன்றை ஓட்டிவந்தவர் ரெஃபைன்ஸ் சிம்ஸ் என்ற கறுப்பர், மற்றதை ஓட்டிவந்தவர் ஆல்ஃபிரட் ஜலுஃப்கா என்ற வெள்ளையர். இருவரும் கைகுலுக்கும் படம் பிரசித்தமானது. பிறகு வெகுகாலம் படம் மட்டும்தான் இருந்தது, படத்தில் இருந்தவர்களின் வரலாறு இல்லை.

பாதை என்றதும் தமிழ் படித்தவனுக்குப் பாலைத் திணை ஞாபகம் வராமல் போகாது. நமக்குப் பாலை என்றால் வெயிலும் கள்ளியும். பீவர் கிரீக்குக்குப் பக்கத்தில் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3ஆம் தேதி பூஜ்யத்துக்குக் கீழே 63 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதுவும் பாலைதான் போலிருக்கிறது. நம் பாலையில் வழிப்போக்கரை மறிக்கிறவர்கள் என்று ஆறலை கள்வர் வருவார்கள். யூகானில் கதை தலைகீழ். வழியில் ஏற்கெனவே குடியிருந்தவர்களிடமிருந்து பறித்துக்கொண்டு போனது வழியேதான்.

ஆளில்லாத வெளி என்று சொல்லப்பட்ட இடத்தில் காஸ்கா, டிலிங்கிட், டாகிஷ், தெற்கு டட்சோனி மக்கள் இருந்தார்கள். படைகளுக்கு வழிகாட்டியவர்களில் அவர்களும் உண்டு. சாலை பல இடங்களில் அவர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய தடத்தின் மேல்தான் போகிறது. டெஸ்லின் என்ற டிலிங்கிட் ஊரில் 1942க்கும் 1943க்கும் இடையில் தட்டம்மை, வயிற்றுக்கடுப்பு, மஞ்சள்காமாலை, கக்குவான், மூளைக்காய்ச்சல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் சாலையோடு வந்தவை. குளூவானே ஏரிப் பக்கம் சிப்பாய்களும் கூலிக்கு வந்தவர்களும் கண்டதையெல்லாம் சுட்டுத்தள்ளுவார்கள் என்ற பயத்தில் 1943இல் வேட்டைச் சரணாலயம் ஒன்று அறிவிக்கப்பட்டது. விளைவு, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடிப் பிழைத்த டட்சோனி மக்களுக்கே வேட்டை சட்டவிரோதமாகிவிட்டது. அவர்களுக்கு வேட்டை வெறும் உணவு இல்லை, அதுவே பள்ளிக்கூடம். காட்டை வாசிப்பது, தடத்தை வாசிப்பது, எந்தப் பனி ஆளைத் தாங்கும் எது தாங்காது என்று சொல்வது, கதை, உறவுமுறை எல்லாம் பிள்ளைகளுக்கு அங்கேதான் கைமாறின. இன்று ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள் தேடிப்போகிற அதே 'அனுபவக் கல்வி'. என்ன, அதற்கு அங்கே தனிப்பெயர் இல்லை.

1948இல் சாலை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1951இல் அதே சாலையோரம், வாட்சன் லேக்கிலிருந்து இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்குள், லோயர் போஸ்ட் என்ற இடத்தில் ஒரு கத்தோலிக்க உறைவிடப் பள்ளி திறக்கப்பட்டது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கானது. யூகானிலிருந்தும் வட பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்தும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கனடாவின் இந்தியர் சட்டம் 1920இல் திருத்தப்பட்டபோதே பூர்வகுடிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது கட்டாயமாக்கப்பட்டு, எந்தப் பள்ளி என்று முடிவு செய்யும் அதிகாரம் அரசின் கைக்குப் போய்விட்டது. கார்க்ராஸ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் சபையின் சூட்லா பள்ளி 1911இலிருந்தே இருந்தது. ஆனால் காட்டுக்குள் நகர்ந்துகொண்டேயிருக்கும் குடும்பங்களைப் பிடிப்பது கஷ்டம். சாலை அந்தக் கஷ்டத்தைத் தீர்த்துவைத்தது. கூடவே இன்னொன்று: 1945இலிருந்து கனடா அரசு எல்லாக் குடும்பங்களுக்கும் பிள்ளைப்படி கொடுக்கத் தொடங்கியது. பிள்ளை பள்ளிக்குப் போனால்தான் படி. வேட்டையும் போய், ரோமத்தின் விலையும் இறங்கிய காலத்தில் இந்தப் படியின் அழுத்தம் என்னவாக இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. படிக்காகச் சாலையோரம் குடியேறினார்கள்; குடியேறிய இடத்திலிருந்து பிள்ளைகள் போனார்கள்.

லோயர் போஸ்ட் பள்ளி 1975 வரை நடந்தது. சொந்தமொழி பேசினால் அடி என்பதில் தொடங்கி அந்தக் கட்டிடத்துக்குள் என்னென்ன நடந்தது என்பதை, அதில் படித்தவர்கள் பின்னாட்களில் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். கனடா முழுக்க ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பிள்ளைகள் இப்படிப்பட்ட பள்ளிகளுக்குள் போனார்கள். 2008 ஜூனில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் தன் இறுதி அறிக்கையில் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே பெயரிட்டது. லோயர் போஸ்ட் கட்டிடம் மட்டும் அதே இடத்தில் நின்றது. பள்ளி மூடிய பிறகும் அதிலேயேதான் அந்த ஊரின் அலுவலகமும் தபால் நிலையமும் இயங்கின. ஒரு கடிதம் வாங்க வேண்டுமென்றாலும் அந்த வாசலுக்குள் நுழைய வேண்டும். 2021 ஜூன் 30ஆம் தேதிதான் அதை இடித்தார்கள்.

நான் வாசித்த பயணக் குறிப்புகளில் ஒன்றில்கூட லோயர் போஸ்ட் இல்லை. வாட்சன் லேக் இருக்கிறது, ஊர்ப்பலகைக் காடு இருக்கிறது. அரைமணி நேரத்துக்கும் குறைந்த தூரத்தில் இருந்த அந்த இடம் இல்லை. தன் பிள்ளைகளைப் பள்ளியிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு வந்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு ஒரு தாய் அந்தத் திருப்பத்தைக் கடந்து போகிறாள். அந்தத் திருப்பத்தில்தான் வேறு தாய்மார்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவள் கையிலிருக்கும் வழிகாட்டி அவளுக்கு எதைச் சொல்கிறதோ அதைத்தான் அவள் பார்ப்பாள். பிரதியின் மௌனம் ஆசிரியரின் கெட்ட எண்ணத்திலிருந்து பிறப்பதில்லை என்பதுதானே நாம் இத்தனை நாளாகப் படித்த படிப்பு.

எல்லையைத் தாண்டி அலாஸ்காவுக்குள் போனால் இதே கதை வேறுவிதமாக இருக்கிறது. அங்கே 1905ஆம் வருட நெல்சன் சட்டம் பள்ளியை இரண்டாகப் பிரித்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கும், 'நாகரிக வாழ்க்கை' வாழ்கிற கலப்பினப் பிள்ளைகளுக்கும் ஒரு வகை. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு நடத்தும் இன்னொரு வகை. நாகரிகம் என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. 1908இல் சிட்காவில் ஒரு வழக்கில் நீதிமன்றம் உட்கார்ந்து ஒரு குடும்பத்தின் வீடு, தொழில், சகவாசம் எல்லாவற்றையும் எடைபோட்டு, அது போதிய நாகரிகமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. நமக்குப் பழக்கமான தொனிதான்.

1939இல் அலாஸ்கா நிர்வாகம் தபால்வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. பள்ளியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமும் தாளும் தபாலில் போகும். தாயோ தகப்பனோ சொல்லிக்கொடுப்பார்கள். எழுதிய விடைகள் தபாலில் திரும்பும். இதற்கு முன்னோடி பால்டிமோரின் கால்வர்ட் பள்ளி 1906இலிருந்து விற்றுவந்த வீட்டுப் பாடத்திட்டம். ஆக, வீட்டுக் கல்வி என்பது அரசுக்கு எதிராகப் பிறந்த கலகம் என்று நாம் நினைப்பது வடக்கில் பொருந்தாது. அங்கே அதைத் தபால்பையில் போட்டு அனுப்பியதே அரசுதான். சுரங்கக்காரர் வீட்டுக்கும் கண்ணிவைத்து ரோமம் எடுப்பவர் வீட்டுக்கும் பள்ளிக்கூடம் தேடி வந்தது. அதே வருடங்களில் யூப்பிக் கிராமத்துப் பிள்ளை எட்டாம் வகுப்புக்குமேல் படிக்க வேண்டுமென்றால் பிள்ளைதான் கிளம்ப வேண்டும். ரேங்கல், 1947க்குப் பிறகு சிட்கா பக்கம் மவுண்ட் எட்ஜ்கம், இடமில்லையென்றால் ஆரிகனில் செமாவா, ஓக்லஹாமாவில் சிலாக்கோ. கிராமத்திலிருந்து ஓக்லஹாமாவுக்கு! தபால்பாடம் அவர்களுக்கும் கிடைக்காமல் இல்லை. ஆனால் ஆங்கிலம் படித்த அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்து எழுதப்பட்ட பாடம் யூப்பிக் பேசும் வீட்டில் என்ன செய்யும்?

1972ஆம் வருடத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்ற ஆமிஷ் பெற்றோரின் மத உரிமையை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வீட்டுக் கல்வியாளர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது. அதே வருடம் அலாஸ்காவில் இன்னொரு வழக்கு போடப்பட்டது. யூகான் ஆற்றின் முகத்துவாரத்தில் எம்மோனாக் என்ற ஊரைச் சேர்ந்த மாலி ஹூச் என்ற மாணவியின் பெயரால் அறியப்படும் வழக்கு. அதில் கேட்கப்பட்டது நேர் எதிரானது: எங்கள் ஊரில் எங்களுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி கொடுங்கள். ஒரு பக்கம் பள்ளியைவிட்டு வீட்டிலேயே இருக்கும் உரிமை. இன்னொரு பக்கம் வீட்டிலேயே இருந்துகொண்டு பள்ளிக்குப் போகும் உரிமை.

இலிச்சை வைத்துக்கொண்டு இந்த இரண்டாவது வழக்கை எப்படி வாசிப்பது? பள்ளி என்ற நிறுவனத்தின் கொடுமையை அந்த மக்களைவிட அறிந்தவர் யார்? ஃபூக்கோவை ஒரு பக்கமும் படிக்காமலேயே அவர்கள் உடம்பில் அது எழுதப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளியை இங்கே கொண்டுவா என்றார்கள். இதை அதிகாரத்தின் மொழியை உள்வாங்கிக்கொண்ட தன்னிலையின் வெளிப்பாடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். நானே சில வருடங்களுக்கு முன்னால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அது மேட்டிமைத்தனம். பிள்ளை ராத்திரி வீட்டில் படுக்க வேண்டும், பகலில் இயற்கணிதமும் படிக்க வேண்டும், மீன் பருவத்தில் ஆற்றுக்கும் போக வேண்டும் என்று கேட்பதில் எந்தக் குழப்பமும் இல்லை.

மாநில உச்ச நீதிமன்றம் 1975இல், அவரவர் ஊரிலேயே பள்ளி கேட்கும் உரிமை அரசியல் சட்டத்தின் கல்விப் பிரிவில் இல்லை என்றது. ஆனால் பாகுபாடு பற்றிய கேள்வியைத் திறந்தே விட்டது. 1976இல் அரசு சமரசத்துக்கு வந்தது. டோபெலுக் எதிர் லிண்ட் என்று அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர். 126 கிராமங்களுக்கு உயர்நிலைப் பள்ளி உரிமை கிடைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதிலிருந்த ஒரு விதிவிலக்கு: ஊர்க்காரர்களே வேண்டாம் என்று முடிவு செய்தால் ஒழிய. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் முதன்முறையாக ஊருக்கு வந்தது. புரூடோ பே எண்ணெய்ப் பணம் அந்தச் சமயத்தில் வராமலிருந்தால் இத்தனை கட்டிடங்கள் எழும்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். எழும்பிய பள்ளிகளிலும் ஒன்றிரண்டு ஆசிரியர்கள், கைவிரலால் எண்ணிவிடக்கூடிய மாணவர்கள், வருடத்துக்கு ஒருமுறை மாறிப்போகும் வெளியூர் வாத்தியார் என்று ஆயிரம் குறை. 1998இல் சட்டமன்றம், 10 பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளிக்கான நிதி கிடையாது என்று வைத்தது. ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனால் பள்ளி போச்சு. பள்ளி போனால் ஊர் போச்சு.

அதற்கு ஒரு வருடம் முன்னால்தான், 1997இல், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் எவரிடமும் அனுமதி கேட்கவோ அறிவிக்கவோ வேண்டியதில்லை என்று அதே அலாஸ்கா சட்டம் செய்தது. அமெரிக்காவிலேயே கட்டுப்பாடு மிகக் குறைந்த சட்டங்களில் ஒன்று. அதே வருடம் யூகான் ஆற்றங்கரையில் கலீனா என்ற சின்ன ஊரின் பள்ளி மாவட்டம், மாநிலம் முழுவதும் உள்ள வீட்டுக் கல்விக் குடும்பங்களைத் தன் தொலைகல்வித் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. இப்படிப்பட்ட திட்டங்களில் பதிந்துகொள்ளும் குடும்பங்களுக்குப் பாடப்பொருள் வாங்கப் பொதுப்பணத்திலிருந்து ஒரு தொகை உண்டு. 2014இல் இதன் விதிகள் தளர்த்தப்பட்டன. அந்தப் பணம் தனியார் பள்ளிக்கும் மதப் பள்ளிக்கும் போகலாமா என்று வழக்கு வந்தது. 2024 ஏப்ரலில் கீழ் நீதிமன்றம் அந்த விதிகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. விவகாரத்தின் சட்ட நுணுக்கம் நமக்கு வேண்டாம். இரண்டு பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 1945இல் சாலையின் ஒரு முனையில், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் பணம் நின்றுபோகும். ஐம்பது சொச்சம் வருடம் கழித்து மறுமுனையில், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் பணம் வரும். நாடு வேறு, சட்டம் வேறு, காலம் வேறு என்று ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் 'வீடு' என்ற சொல் எல்லோருக்கும் ஒரே பொருளில் வழங்கப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?

இலிச்சை நான் கைவிடவில்லை. அவர் எழுதியது மெக்சிகோவின் குவெர்னவாகாவில் உட்கார்ந்து, லத்தீன் அமெரிக்க ஏழைகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு. பள்ளிக்கு வெளியே நிற்கும் பெரும்பான்மையைத் தோற்றவர்கள் என்று முத்திரை குத்தவே பள்ளி பயன்படுகிறது என்பது அவரது வாதம். அந்தப் பெரும்பான்மையை மறந்துவிட்டுப் பள்ளிக்கு உள்ளே இருந்து களைத்துப்போனவர்களின் சலிப்பாக அதை மாற்றிக்கொண்டது நாம்தான். ஜான் ஹோல்ட்டின் பாதையும் இப்படித்தான். பள்ளியைச் சீர்திருத்தலாம் என்று எழுதத் தொடங்கியவர், முடியாது என்று சலித்து, 1977இல் வீட்டுக் கல்விக்கென்று பத்திரிகை தொடங்கினார். அடுத்த பத்து வருடத்தில் அந்த இயக்கத்தின் பெரும்பகுதி அவரைப் போன்றவர்களின் கையிலிருந்து பழமைவாதக் கிறிஸ்தவக் குடும்பங்களின் கைக்குப் போய்விட்டது. ஒரே வண்டியில் இடதும் வலதும் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. வண்டி எங்கே போகிறது என்பதில் இருவருக்கும் சண்டையில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

யோடர் தீர்ப்பில் நீதிபதி டக்ளஸ் பகுதியளவில் மாறுபட்டு எழுதினார்: பெற்றோரின் உரிமையைப் பேசுகிறோம், அரசின் உரிமையைப் பேசுகிறோம், பிள்ளையை யாராவது கேட்டோமா என்பது அவர் கேள்வியின் சாரம். இதைப் படித்த அன்று நான் என் மகளைக் கேட்டேன். எதிர்வீட்டு மீனா போகிற பள்ளிக்கூடத்துக்குத்தான் போவேன், அதுவும் நீலக்கலர் பையோடுதான் போவேன் என்றாள். கோட்பாட்டு விவாதம் அத்தோடு முடிந்தது. இப்போது இரண்டாம் வகுப்பு.

சாலையோரத்து மக்களுக்குத் திரும்புகிறேன். 1973 பிப்ரவரியில் யூகான் பூர்வகுடித் தலைவர்கள், எலைஜா ஸ்மித்தின் தலைமையில் ஒட்டாவா போய், பிரதமர் பியர் ட்ரூடோவிடம் ஒரு ஆவணத்தைக் கொடுத்தார்கள். நில உரிமைக்கான ஆவணம். அதற்கு அவர்கள் வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நாளைய நம் பிள்ளைகளுக்காக இன்று ஒன்றாக' என்று வரும். நிலத்தைப் பற்றிய ஆவணத்தின் தலைப்பில் பிள்ளைகள் வந்து நிற்பது தற்செயல் இல்லை. லோயர் போஸ்ட் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆவணத்தில் தொடங்கிய பேச்சுவார்த்தை இருபது வருடம் இழுத்து 1993இல் ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. 2022இல் யூகானில் பூர்வகுடிகளின் பள்ளிகளுக்கென்று தனிக் கல்வி வாரியம் அமைந்தது. கறுப்பரும் வெள்ளையரும் புல்டோசரில் சந்தித்துக்கொண்ட பீவர் கிரீக்கின் பள்ளியும் இன்று அந்த வாரியத்தின் கீழ்தான் இருக்கிறது.

ஆஞ்செலா சிட்னி என்று டாகிஷ் இனத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். 1902இல் பிறந்து 1991இல் இறந்தவர். மானுடவியலாளர் ஜூலி குரூக்‌ஷாங்க் அவரோடு பல வருடம் உட்கார்ந்து பதிந்த வாழ்க்கைக் கதை 1990இல் புத்தகமாக வந்திருக்கிறது. சிறுமியாகக் கொஞ்ச காலம் கார்க்ராஸ் மிஷன் பள்ளியில் படித்தவர். தன் பிரதேசத்தின் ஆறுகளுக்கும் மலைகளுக்கும் டாகிஷ், டிலிங்கிட் மொழிகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதியவைத்தவர். ஊர்ப்பலகைக் காட்டில் ஆணியடித்து வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் வேறெங்கோ இருக்கும் ஊர்களின் பெயர்கள். இந்தப் பாட்டி சொன்னவை காலடியில் இருந்த மண்ணின் பெயர்கள். அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. காஹ்ச்கூக் என்ற வேட்டைக்காரன் தோழர்களோடு கடலில் திசைதப்பிப்போய் ஒரு தீவில் ஒதுங்குகிறான். கோடையில் சூரியன் எங்கே நிற்கிறது என்று கவனித்துக் கவனித்து, அதையே குறியாக வைத்துப் படகைச் செலுத்தி ஊர் திரும்புகிறான். இரண்டாம் உலகப் போருக்குப் போன தன் மகன் திரும்பி வந்தபோது ஆஞ்செலா சிட்னி இந்தக் கதையின் பாட்டைத்தான் அவனுக்குப் பரிசாகப் பாடினார்.

1988இல் வைட்ஹார்ஸ் நகரில் யூகான் கல்லூரியின் வளாகம் திறக்கப்பட்டபோது பேச அவரை அழைத்தார்கள். அங்கேயும் அவர் இதே கதையைச் சொன்னார். ஏன் இந்தக் கதை என்று கேட்டதற்கு, அந்த வேட்டைக்காரனுக்குச் சூரியன் எப்படியோ அப்படி நம் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரி, இனி அவர்கள் படிப்புக்காகத் தொலைதூரம் போய்த் தொலைந்துபோக வேண்டாம் என்கிற பொருளில் பதில் சொன்னார். வளாகத்துக்கு டிலிங்கிட் மொழியில் பெயரும் அவரே வைத்தார். அயம்டிகூட். அவள் எழுந்து கிளம்பிப் போனாள் என்று அதற்குப் பொருள்.